நாவுவா சாலையில் ஆறு பெட்டிகள்

ஷிவ்னீலின் தாடைக்குக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து உர்மிளாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரண்டாயிரமாவது வருஷம் மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஃபிஜியில் துப்பாக்கிக்காரர்கள் பாராளுமன்றத்துக்குள் புகுந்து, இந்திய வம்சாவளிப் பிரதமரையும் மந்திரிகளையும் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அன்று மத்தியானமே தலைநகர் சுவாவில் இந்தியர் கடைகளை உடைத்துக் கொள்ளையடித்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்த ஷிவ்னீல் என்ற கல்லூரி மாணவனை நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு அடித்தார்கள். அவன் செய்த குற்றம், போட்டிருந்த கறுப்பு டீ-சர்ட். அதன் முன்புறம் பெரிய எழுத்தில் 'ஹியாங்' என்று அச்சடித்திருந்தது. ஃபிஜி ஹிந்தியில் அதற்கு 'இங்கே' என்று பொருள்.

அந்தச் சட்டையைத் தைத்தவள் உர்மிளா. எழுத்தை வரைந்தவன் அவள் தம்பி கௌஷல்.

ஏழு வாரம் ஓடிவிட்டது. பிடிபட்டவர்கள் இன்னும் வெளியே வரவில்லை. ராணுவம் ஆட்சியை எடுத்துக்கொண்டு மாலை ஆறு மணிக்கு ஊரடங்கு போட்டிருந்தது. சுவாவை ஒட்டிய லாமியில் உர்மிளா இருந்த சந்தில் நாலு வீடு காலி. எதிர்வீட்டுக் கமலா ஃப்ரிட்ஜையும் கட்டிலையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் பிள்ளைகளோடு பிரிஸ்பேன் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

உர்மிளாவின் கணவன் சதேந்திரா சுவாவில் கப்பல் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தான். அவனும் நியூஸிலாந்துக்கு மனுப் போட்டிருந்தான். மருத்துவப் பரிசோதனை முடிந்துவிட்டது. 'இவர்கள் மீது வழக்கு எதுவும் இல்லை' என்று போலீஸ் கொடுக்கும் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி. அது வியாழக்கிழமை கிடைக்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

உர்மிளா வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சதேந்திரா மண்ணெண்ணெய் டின் ஒன்றைக் கொண்டுவந்து தையல் கொட்டகையின் வாசலில் வைத்தான். மிச்சமிருக்கிற சட்டைகளைக் கொளுத்திவிட வேண்டும், அவற்றை வீட்டில் வைத்திருப்பதும் கதவைத் திறந்து போட்டுத் தூங்குவதும் ஒன்று என்றான். அவன் கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். அவன் பயத்தோடு சொன்னான். அதனால் இரண்டு நாள் பொறுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அந்த இரண்டாவது நாள், செவ்வாய்க்கிழமை காலை, அவள் கொட்டகைக்குப் போனபோது பூட்டு திறந்து கிடந்தது.

முதலில் அவளுக்குத் தோன்றியது கொள்ளை. கால் அப்படியே நின்றுவிட்டது. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டாள். தகரக் கூரையில் மழைத் தூறல் மட்டும் கேட்டது. தையல் மெஷின்கள் மூன்றும் இருந்தன. ஓவர்லாக் மெஷின் இருந்தது. அச்சடிக்கிற சட்டங்கள் சுவரில் சாய்ந்தபடி இருந்தன. கட்டிங் மேஜைக்கு அடியில் இருந்த ஆறு அட்டைப் பெட்டிகளை மட்டும் காணோம். வெளியே வேனையும் காணோம்.

மேஜை மேல் ஒரு சீட்டு இருந்தது. கௌஷலின் கையெழுத்து.

'அக்கா, நாந்திக்குப் போறேன். பெட்டிங்களை பிளேன்ல ஏத்திட்டு நாளைக்கு வந்துடுவேன். அத்தான்கிட்ட சொல்லாதே.'

நாந்தி விமான நிலையம் தீவின் மறு பக்கத்தில் இருக்கிறது. கடலோரமாகப் போகும் ஒரே சாலை. வாரக் கடைசியிலிருந்து அந்தச் சாலையில் ஊருக்கு ஊர் மரத்தை வெட்டிப் போட்டு மறிக்கிறார்கள் என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். உடனே எழுந்தாள். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

இந்தச் சட்டை வியாபாரமே கௌஷல் மலேசியாவிலிருந்து கொண்டுவந்தது. அச்சுக்கலை படிக்க இரண்டு வருஷம் கோலாலம்பூர் போனவன், சனி ஞாயிறுகளில் பிரிக்ஃபீல்ட்ஸில் குணாளன் என்பவனின் பட்டறையில் வேலை செய்தான். குணாளனும் இரண்டு சிநேகிதர்களும் சேர்ந்து 'லோரோங் ஒன்பது' என்று ஒரு பெயர் வைத்து டீ-சர்ட் போட்டார்கள். ஒன்பதாம் சந்து என்று அர்த்தம். அவர்களுடைய பட்டறை இருந்த சந்து அது. ஓடாமல் போய்விட்ட இளஞ்சிவப்பு மினி பஸ், கிளாஸில் நுரை ததும்பும் தேத்தண்ணீர், பஸ் கண்டக்டர் கத்துகிற ஊர்ப் பெயர்கள் என்று தங்கள் தெருவில் இருப்பதையே வரைந்து, காரின் பின்கதவைத் திறந்து வைத்து விற்றார்கள். அதைப் போல இன்னும் பத்துப் பதினைந்து பெயர்கள் அந்த ஊரில் முளைத்திருக்கின்றன என்றும், பிள்ளைகள் அமெரிக்கச் சட்டையைத் தள்ளி வைத்துவிட்டு இவற்றைத் தேடிப் போகிறார்கள் என்றும் கௌஷல் எழுதுவான்.

திரும்பி வந்த அன்று அவன் பெட்டியைத் திறந்து அந்தச் சட்டைகளைக் கட்டிங் மேஜை மேல் பரப்பினான். உர்மிளா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். கழுத்துப் பட்டி தளராமல் இருந்தது. தோள்பட்டையில் நாடா வைத்துத் தைத்திருந்தார்கள். இருபது வயதிலிருந்து அவள் சுவாவின் ஏற்றுமதி ஆலைகளில் வேலை செய்தவள். ஆயிரக்கணக்கான சட்டைகளில் ஆஸ்திரேலியக் கம்பெனிகளின் லேபிளை வைத்துத் தைத்திருக்கிறாள். தன் ஊரின் பெயர் போட்ட ஒரு லேபிள்கூட அவள் கைக்கு வந்ததில்லை.

"அங்க அவங்க சந்தோட பேரப் போட்டு விக்கிறாங்க அக்கா," என்றான் கௌஷல். "நம்மகிட்ட போடறதுக்கு என்ன இருக்குன்னு யோசிச்சேன்."

அப்படித்தான் 'ஹியாங்' பிறந்தது. முதுகில் மூன்று வரி. ஹிந்தியில் 'ஹம் லோக்' என்று தொடங்கும் ஒன்று. தமிழில் ஒன்று: 'நாங்கள் இங்கேதான் இருக்கிறோம்.' வீட்டில் எல்லாரும் ஃபிஜி ஹிந்திதான் பேசுவார்கள். கோவில் பாட்டுக்கு அப்பால் அவர்களுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. கௌஷல் தமிழ் எழுதப் படித்ததே குணாளனிடம்தான். மூன்றாவது வரி தீவின் பூர்வகுடிகளான ஃபிஜியர்களின் மொழியில். அதை எழுதிக் கொடுத்தவள் கொட்டகையில் கூடத் தைக்கும் லோசேனா.

இப்போது குணாளன் கோலாலம்பூரில் சின்னதாக ஒரு கடை திறக்கிறான். அதில் ஒரு அலமாரி முழுக்க ஹியாங் வைக்க வேண்டும் என்று ஆறு பெட்டி கேட்டிருந்தான். அந்த ஆறு பெட்டியோடுதான் கௌஷல் போயிருந்தான்.

லோசேனா எட்டு மணிக்கு நடந்து வந்து சேர்ந்தாள். உர்மிளாவைவிடப் பத்து வயது மூத்த ஃபிஜியப் பெண். ஆலையில் பக்கத்து மெஷினில் இருந்தவள். உர்மிளா தனியாகத் தொழில் தொடங்கியதும் கூடவே வந்துவிட்டவள். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு. சீட்டைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு, நாந்தி போகிற வழியில் நாவுவா பாலத்தைத் தாண்டி நேற்றைக்கே மறித்துவிட்டார்கள் என்றும், மறித்தவர்கள் தன் ஊர்ப் பக்கத்துப் பையன்கள் என்றும், தன் அக்கா மகன் செமியும் அதில் இருப்பதாகவும் சொன்னாள்.

"கார் சாவி எங்க?" என்று கேட்டாள்.

சதேந்திரா கம்பெனி வண்டியில் வேலைக்குப் போயிருந்தான். அவனுடைய பழைய கார் வாசலில் நின்றது. அவனுக்குப் போன் செய்யலாம் என்று உர்மிளா உள்ளே போய் எண்களில் பாதியைச் சுழற்றினாள். சொன்னால் அவன் போலீசுக்குப் போவான், போலீஸ் வழக்கு எழுதும், வியாழக்கிழமை வரவேண்டிய காகிதம் வராது. ரிசீவரை வைத்துவிட்டாள். போகும்போது துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்துக் கைப்பையில் போட்டாள். வாசலுக்கு வந்ததும், இதை வைத்துக்கொண்டு நான் யாரை என்ன செய்யப் போகிறேன் என்று தோன்ற, திரும்பிப் போய் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

லாமியை விட்டு வெளியேறும் இடத்தில் ராணுவக் காவல் இருந்தது. ஒரு சிப்பாய் காரின் பின்பெட்டியைத் திறந்து பார்த்தான். லோசேனா தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றாள். அவன் விட்டுவிட்டான்.

அதன் பிறகு சாலையில் யாரும் இல்லை. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் காடு. எப்போதும் கரும்பலகையில் தேங்காய் விலை எழுதி வைத்திருக்கும் கடைகள் அடைத்துக் கிடந்தன. ஒரு இந்தியர் வீட்டின் ஜன்னல்களில் புயலுக்கு அடிக்கும் பலகைகளை அடித்திருந்தார்கள். கொடியில் துணி மட்டும் நனைந்துகொண்டிருந்தது. உர்மிளா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்ததில் விரல்கள் மரத்துப் போயின. வழியில் கவிழ்ந்து கிடக்கும் வேன் கண்ணில் படக்கூடாது என்று ஒவ்வொரு வளைவிலும் வேண்டிக்கொண்டாள்.

"அங்க போனதும் நீ பேசாதே," என்றாள் லோசேனா. "அவங்க உன்ன எது கேட்டாலும் என்னப் பாரு."

பாலத்தைத் தாண்டி இரண்டு மைலில் மறியல் இருந்தது. குறுக்கே ஒரு தென்னை மரம், அதன் மேல் எண்ணெய் பீப்பாய்கள். சுமார் இருபது பேர். சிலர் கையில் கரும்பு வெட்டும் கத்தி. ஒரு பக்கம் தகர டின்னில் மரவள்ளி வெந்துகொண்டிருந்தது.

வேன் சாலை ஓரத்தில் நின்றது. அதன் பின்கதவு திறந்திருந்தது. கௌஷல் தரையில் உட்கார்ந்திருந்தான். மேல்சட்டை இல்லை. கீழுதடு வெடித்து வீங்கியிருந்தது. அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

உயிரோடு இருக்கிறான் என்ற நிம்மதி உர்மிளாவுக்கு ஒரு கணம்கூட நிலைக்கவில்லை. அவர்கள் காரைச் சுற்றி வந்துவிட்டார்கள்.

லோசேனா இறங்கினாள். உடம்பைத் தாழ்த்தி, மன்னிப்புக் கேட்பதுபோல "துலோ, துலோ" என்று சொல்லிக்கொண்டே அவர்களுக்கு நடுவே நடந்து போய்த் தரையில் உட்கார்ந்தாள். கூட்டத்தில் ஒல்லியாக நின்ற ஒருவன் பார்வையை வேறு பக்கம் திருப்பினான். அவன்தான் செமி என்று உர்மிளா ஊகித்துக்கொண்டாள். கம்பளிக் குல்லா போட்ட ஒரு பெரிய ஆள் தலைவன்போல இருந்தான். லோசேனா அவனோடு அவர்கள் மொழியில் நெடுநேரம் பேசினாள். உர்மிளாவுக்குத் தன் பெயரும் 'ஆலை' என்ற சொல்லும் மட்டும் பிடிபட்டன.

குல்லாக்காரன் வேனுக்குள் கையை விட்டு ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு நேராக உர்மிளாவிடம் வந்தான். அவன் பேசிய ஹிந்தி அவளுடைய ஹிந்தியைப் போலவே இருந்தது. அதுவே அவளுக்கு இன்னும் பயத்தைக் கொடுத்தது.

"இதுல 'ஹம் லோக்'னு எழுதியிருக்க. யாரு அந்த ஹம் லோக்?"

அவள் லோசேனாவைப் பார்த்தாள்.

"உன்னத்தான் கேட்டேன். யாரு இங்கயே இருக்கப் போறது? நீங்களா?"

பக்கத்தில் ஒருவன் கத்தியின் முனையால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான். அந்தச் சத்தம் மட்டும் காதில் விழுந்தது. ஷிவ்னீலிடமும் இதைத்தான் கேட்டிருப்பார்கள் என்று நினைத்தாள்.

குல்லாக்காரன் சட்டையை விரித்து மூன்றாவது வரிக்கு வந்தான். உதடு அசையப் படித்தான். மறுபடி படித்தான். பிறகு திரும்பி, இதை எழுதியது யார் என்று தன் மொழியில் கேட்டான்.

லோசேனா தரையில் உட்கார்ந்தபடியே, தான்தான் என்றும், எந்தச் சொல்லைப் போட்டேன் என்றும் உர்மிளாவுக்கும் புரியும்படி ஹிந்தியில் சொன்னாள்.

தமிழில் உள்ளதுபோலவே ஃபிஜி மொழியிலும் அதற்கு இரண்டு சொற்கள் இருக்கின்றன. எதிரில் இருப்பவனை விட்டுவிட்டுச் சொன்னால் 'கேய்மாமி', நாங்கள். அவனையும் சேர்த்துச் சொன்னால் 'கேந்தா', நாம். ஹிந்தியில் இரண்டுக்கும் 'ஹம் லோக்' ஒன்றுதான். உர்மிளா ஹிந்தி வரியைச் சொல்லித்தான் அதை ஃபிஜி மொழியில் எழுதித் தரக் கேட்டிருந்தாள். லோசேனா 'கேந்தா' என்று எழுதியிருந்தாள். இத்தனை மாதமாக நூற்றுக்கணக்கான சட்டைகளில் 'நாம் எல்லாரும் இங்கேதான் இருக்கிறோம்' என்று அச்சடித்திருக்கிறோம் என்பது உர்மிளாவுக்கு அந்தச் சாலையில் நிற்கும்போதுதான் தெரிந்தது.

குல்லாக்காரன் அந்த வரியைக் கூட்டத்துக்கு உரக்கப் படித்துக் காட்டினான். கூட்டத்தில் ஒருவன் எதையோ சொல்ல, இரண்டு பேர் சிரித்தார்கள்.

"அப்போ எங்களுக்கும் சேத்துத்தான் தைச்சிருக்க," என்றான் குல்லாக்காரன். "சரி, குடு."

பெட்டிகளைக் கிழித்தார்கள். மழையில் நனைந்த சட்டைகளைக் கழற்றிவிட்டுப் புதிதைப் போட்டுக்கொண்டார்கள். இருபது பேரும் கறுப்புச் சட்டையில், முதுகில் மூன்று வரியோடு தென்னை மரத்தைச் சுற்றி நடமாடினார்கள். ஒருவனுக்குத் தோள் நுழையவில்லை. இதைவிடப் பெரிது இல்லையா என்று உர்மிளாவைப் பார்த்துக் கேட்டான். அவள் தன்னை அறியாமல் வேனுக்குப் போய், நாலாவது பெட்டியின் அடியிலிருந்து மிகப் பெரிய அளவை எடுத்துக் கொடுத்தாள். அவன் வினாக்கா என்று நன்றி சொன்னான்.

ஒரு பெட்டியை மட்டும் விட்டு வைத்தார்கள். திரும்பிப் போங்கள், இந்தப் பக்கம் இனி வராதீர்கள் என்று குல்லாக்காரன் சொன்னான். செமிதான் வேனைத் திருப்ப உதவினான். ஏறும்போது கௌஷலின் கையில் அவனிடமிருந்து பிடுங்கியிருந்த மேல்சட்டையைத் திணித்தான்.

லோசேனா தன் ஊருக்குப் பிரியும் மண்பாதையில் இறங்கிக்கொண்டாள். அம்மாவைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் இருந்து வருகிறேன், செமியையும் வீட்டுக்கு இழுத்துவரப் பார்க்கிறேன் என்றாள். அவள் கதவைச் சாத்துவதற்குள் உர்மிளா கேட்டுவிட்டாள், ஏன் அப்படி எழுதினாய் என்று.

"நீ நெனச்சத எழுதியிருந்தா நான் வெளிய நிப்பேன்," என்றாள் லோசேனா. "நானும்தான தைச்சேன்."

தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் நடந்துவிட்டாள்.

வேன் முன்னால், கார் பின்னால். லாமிக்கு ஏழெட்டு மைல் இருக்கும்போது வேன் கடலோரமாக ஒதுங்கி நின்றது. உர்மிளா பதறிப்போய் இறங்கி ஓடினாள். கௌஷல் ஸ்டியரிங் மேல் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தான்.

அவனுக்கு வேறு எங்காவது அடி பட்டிருக்கிறதா என்று தோளைத் தொட்டாள். அப்போதுதான் பக்கத்து இருக்கையில் இருந்த பையைப் பார்த்தாள். ஒரே ஒரு ராத்திரிக்குப் போகிறவன் எடுத்துப்போகிற பை இல்லை அது. ஜிப்பைத் திறந்தாள். துணிமணிகள், படிப்புச் சான்றிதழ்கள், பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டுக்குள் கோலாலம்பூருக்கு ஒரு டிக்கெட். போவதற்கு மட்டும்.

"நாளைக்கு வந்துடுவேன்னு எழுதியிருந்தியே," என்றாள்.

கௌஷல் முகத்தைத் துடைத்துக்கொண்டு நடந்ததைச் சொன்னான். போன வாரம் ஷிவ்னீலைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறான். ஷிவ்னீலின் அம்மா அவனை உட்காரச் சொல்லி, பாட்டிலில் இருந்த ஜூஸை ஊற்றிக் கொடுத்திருக்கிறாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதன் பிறகு அவனால் பேனாவைப் பிடிக்க முடியவில்லை. சட்டை வராவிட்டாலும் பரவாயில்லை, நீயும் அக்காவும் இங்கே வந்துவிடுங்கள் என்று குணாளன் ஃபேக்ஸ் அனுப்பியிருந்தான். அதை அவன் அக்காவிடம் காட்டவில்லை.

"உனக்கு அத்தானோட நியூஸிலாந்து இருக்கு," என்றான். "நான் எங்க போறது?"

நியூஸிலாந்துக்கு வருவதாக நான் யாரிடம் சொன்னேன் என்று கேட்க நினைத்தாள். வீட்டில் இருந்த மூன்று பேரில் இரண்டு பேர் இரண்டு திசையில் மூட்டை கட்டியிருக்கிறார்கள். தான் மட்டும் இத்தனை நாள் மெஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம் என்பது உறைத்தது. கோபம் வந்தது. அவன் உதட்டிலிருந்து கசியும் ரத்தத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது. பையை எடுத்துத் தன் காரில் வைத்துக்கொண்டாள்.

"வீட்டுக்கு வா. உள்ள போய்ப் பேசிக்கலாம்," என்றாள்.

வீடு வந்து சேர்ந்தபோது நாலு மணி. மின்சாரம் இல்லை. தீவுக்கு மின்சாரம் தரும் அணையை யாரோ பிடித்துக்கொண்டார்கள் என்று பேசிக்கொண்டார்கள். கௌஷலை அவன் அறைக்கு அனுப்பிவிட்டு, ஈரத் துணியை மாற்றிக்கொண்டு அரிசி களைந்து வைத்தாள். சதேந்திரா வந்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தாள். வரிசையாக என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்தாள்.

சதேந்திரா ஐந்து மணிக்கு மேல்தான் வந்தான். வந்தவன் முகம் தெளிவாக இருந்தது. பல வாரங்களாக அவள் அதைப் பார்த்ததில்லை. சான்றிதழ் தயாராகிவிட்டதாம். வியாழக்கிழமை போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டால் போதுமாம். சொல்லிவிட்டு அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டான்.

அவள் வாயைத் திறப்பதற்கும் வாசலில் வண்டி வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

ராணுவத்தின் பச்சை வண்டி. மூன்று சிப்பாய்களும் ஒரு அதிகாரியும் இறங்கினார்கள். அதிகாரி செருப்பு விடும் இடத்திலேயே நின்று மாலை வணக்கம் சொன்னார். மரியாதையானவர். அவர் கையில் கறுப்பாக ஒரு துணி சுருட்டியிருந்தது. அதை விரித்தார். ஹியாங்.

மத்தியானம் நாவுவா பக்கத்து மறியலை ராணுவம் கலைத்திருக்கிறது. ஓடியவர்கள் போக நாலு பேர் பிடிபட்டிருக்கிறார்கள். நாலு பேரும் ஒரே மாதிரி புதுச் சட்டை. கழுத்துப் பட்டியில் லாமி என்றும் இந்த வீட்டு டெலிபோன் நம்பரும் இருக்கின்றன. கலகக்காரர்களுக்கு இங்கிருந்து சீருடை தைத்துக் கொடுத்திருப்பதாகத் தெரிகிறது, இது யாருடைய தொழில் என்று கேட்டார்.

காலையிலிருந்து உர்மிளா பயந்தது ஒரு பக்கத்தை நினைத்து மட்டும்தான். இந்தப் பக்கத்திலிருந்து இப்படி ஒன்று வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. உள்ளறையில் கட்டில் கிரீச்சிட்டது. கௌஷல் எழுந்துவிட்டான். வெடித்த உதட்டோடு அவன் வெளியே வந்தால், மறியலுக்குப் போய்வந்தவன் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள்.

"சார், அது..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"என்னுது," என்றான் சதேந்திரா.

அவன் எழுந்து நின்றுவிட்டான். நாவுவா பற்றி அவனுக்கு ஒன்றுமே தெரியாது. பெட்டிகள் போனதுகூடத் தெரியாது. குரல் மட்டும் நிதானமாக இருந்தது. கம்பெனி தன் பெயரில் இருக்கிறது, சரக்கு அனுப்புவது தான்தான், மனைவி வீட்டு வேலைதான் பார்க்கிறாள் என்று சொன்னான். மூன்றும் பொய்.

"இல்ல, நான்தான்..." என்று உர்மிளா குறுக்கே வந்தாள்.

சதேந்திரா அவள் பக்கம் திரும்பினான். சிப்பாய்களுக்கு ஹிந்தி தெரியும், ஆங்கிலம் தெரியும். அவன் தமிழில் பேசினான். கோவிலுக்கு வெளியே அவன் தமிழ் பேசி அவள் கேட்டதே இல்லை. சொற்கள் தடுக்கித் தடுக்கி வந்தன.

"நீ பேசாதே. தம்பிய வெளிய விடாதே. நான் வரும்."

என்ன சொன்னாய் என்று அதிகாரி கேட்டார். சாப்பிட்டுப் படுக்கச் சொன்னேன் என்றான். விசாரணைக்கு மட்டும்தான், முகாமுக்கு வந்துவிட்டுப் போகலாம் என்று அதிகாரி சொன்னார். சதேந்திரா செருப்பை மாட்டிக்கொண்டான். வலது கால் செருப்பின் வார் சரியாக நுழையவில்லை. குனிந்து அதைச் சரிசெய்ய ஒரு சிப்பாய் அவனுக்கு நேரம் கொடுத்தான். பிறகு வண்டியின் பின்பக்கம் ஏற்றிக்கொண்டார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டி சந்தைத் தாண்டியதும் கௌஷல் ஓடி வந்தான். நான் போகிறேன், நான் போய் நடந்ததைச் சொல்கிறேன் என்றான். அவன் குரல் உடைந்திருந்தது. உர்மிளா அவனைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். போன மாதம் முகாமுக்கு அழைத்துப் போனவர்களைப் பற்றி லாமியில் கேள்விப்பட்ட ஒவ்வொன்றும் ஞாபகத்துக்கு வந்தது. எது உண்மை, எது வதந்தி என்று யாருக்கும் தெரியாது.

சட்டைகளைப் பறித்துக்கொண்டார்கள் என்று சொல்லச் செமியின் சாட்சி வேண்டும். லோசேனா வேண்டும். செமி பிடிபடாமல் தப்பியிருந்தாலும், இரண்டு பேரும் அந்தப் பாலத்துக்கு அப்பால் இருந்தார்கள்.

மேஜைக் கடிகாரத்தைப் பார்த்தாள். ஐந்து நாற்பத்தைந்து. ஊரடங்குக்குக் கால் மணி நேரம். முகாம் அரை மணி நேர வழி. ஆறு மணிக்கு மேல் தெருவில் நிற்கும் யாரையும் நிறுத்திக் கேட்காமலே சுடலாம் என்று உத்தரவு இருப்பதாகப் பேச்சு.

"யார் தட்டினாலும் திறக்காதே," என்று தம்பியிடம் சொன்னாள்.

சட்டை தன்னுடையது என்று முகாமில் காட்ட, தொழிலைத் தன் பெயரில் பதிவு செய்த காகிதத்தை அலமாரியிலிருந்து எடுத்தாள். ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். வேன் சாவி இன்னும் ஈரமாக இருந்தது. முதல் முறை திருப்பியதில் எஞ்சின் எழவில்லை. இரண்டாம் முறை எழுந்தது. விளக்கைப் போட்டுக்கொண்டு சுவா பக்கம் திரும்பினாள்.

வழி நெடுக வீடுகள் இருட்டாகக் கிடந்தன. ஒரு ஜன்னலில் திரை விலகி, அவள் வேன் போவதைப் பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டது.